ஐஸ் பெட்டிச் சலுகை

லோகேஷ் தன் சாவை அறிவித்தது காலைக் காபி நேரத்தில்தான்.

"நான் செத்துட்டேன்னு பதிஞ்சுடுங்க," என்றார், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு. "எழுபத்தாறு வயசாவுது. இந்தப் புழுக்கத்துல எவனும் சந்தேகப்பட மாட்டான்."

நறுமுகைக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. மாமனார் விடிந்ததும் இப்படி ஏதாவது ஒன்றைக் கொளுத்திப் போடுவார், அதை வைத்துக்கொண்டு பொழுதுக்கும் ஓட்டுவார். ஆனால் இன்று அவர் முகத்தில் குறும்பு இல்லை. அவர் பார்வை கூடத்துத் தரையில் கிடந்த மகன் மீதே இருந்தது. செழியனின் மேல் ஈரத்துணி போர்த்தியிருந்தது. துணி காயவேயில்லை. காற்றில் அவ்வளவு ஈரம்.

வானம் மூடி நான்கு நாளாகியிருந்தது. ஐப்பசி வந்தால் இப்போதெல்லாம் இப்படித்தான். மேகம் மழையாகவும் இறங்காது, கலைந்தும் தொலையாது. கடல்காற்று அடியோடு நின்றுவிடும். காற்றாலைகள் கைகட்டி நிற்கும், கூரைமேல் இருக்கும் சோலார் தகடுகள் வெறும் தகடுகளாகக் கிடக்கும். சட்டத்தில் இதற்கு 'வளி குன்றிய காலம்' என்று அழகான பெயர் உண்டு. கடலூர் முதுநகரில் மூட்டம் என்றுதான் சொல்வார்கள். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிக்கக்கூடாது என்று சட்டம் வந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. மூட்டம் விழுந்தால் மின்கலங்களில் சேர்த்து வைத்ததை வைத்துத்தான் எல்லோரும் பிழைக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு என்றும் அதே சட்டமே முன்கூட்டிப் பிரித்து வைத்திருந்தது. ஆஸ்பத்திரி, குடிநீர், ரயில் எல்லாம் போக வீட்டுக்கு ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி. மூச்சுக் கருவி வைத்திருப்பவர்களுக்குத் தனி ஒதுக்கீடு. ஏசி சொகுசுப் பட்டியலில் இருந்தது. மூட்டம் முடியும்வரை சொகுசுக்குச் சொட்டு மின்சாரம் கிடையாது. திருட்டுத்தனமாக இழுத்தால் மீட்டரே இணைப்பை அறுத்துவிடும்.

செழியனுக்கு வியர்க்காது. மின்கலங்களை அடுக்கி வைத்த கிடங்கில் அவன் வேலை பார்த்தான். ஒரு நாள் அங்கே பற்றிய தீ அவன் உடம்பில் பாதிக்கு மேல் தின்றுவிட்டது. பிழைத்தான், புதுத்தோலும் வந்தது. ஆனால் அந்தத் தோலில் வியர்வைத் துளைகள் கிடையாது. வெளியே சூடு ஏறினால் உள்ளேயும் ஏறும், இறங்க வழியில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாதாரண நாட்களில் சின்ன அறையில் ஏசி போட்டுக்கொண்டு சமாளித்துவிடுவார்கள். முன்பெல்லாம் மூட்டம் ஒன்றிரண்டு நாளில் கலைந்துவிடும். இந்த முறை கலையவில்லை. நேற்று அவன் நறுமுகையைப் பார்த்து அம்மா என்று கூப்பிட்டான், கை கால் வெட்டி இழுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் வராந்தாவிலேயே இடமில்லை, மயக்கம் போட்டால் கொண்டுவாருங்கள் என்றார்கள். மயக்கம் போட்ட பிறகு கொண்டுபோய் என்ன செய்வது என்று அவள் கேட்பதற்குள் அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். ஏசியைச் சொகுசுப் பட்டியலிலிருந்து தனக்கு மட்டும் விலக்கும்படி அவன் கொடுத்த மனு வருடக்கணக்காகப் பரிசீலனையில் இருந்தது.

"நீங்க செத்தா அவருக்கு எப்படி மாமா கரண்டு வரும்?" என்று கேட்டாள்.

"ஐஸ் பெட்டி வரும்ல."

அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. லோகேஷ் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு விளக்கினார்.

"சட்டம் வந்த புதுசுல ஒரு பெரிய தலைவர் மூட்டத்துல செத்துட்டாரு. நீ அப்ப பொறக்கவே இல்ல. ஐஸ் பெட்டிக்குக் கரண்டு இல்ல. ரெண்டாம் நாளு ஜனங்க மூக்கப் பொத்திகிட்டு வரிசைல போச்சு. அடுத்த வாரமே சபையக் கூட்டி ஒரே மணி நேரத்துல திருத்தம் கொண்டாந்துட்டானுங்க. இறுதி மரியாதைப் பிரிவுன்னு பேரு. அன்னைலேர்ந்து பொணத்த குளிர வைக்கறது சொகுசு இல்ல, உரிமை. சொந்தக்காரன் தூரத்துலேர்ந்து வரணும்னா மூணு நாளு வரைக்கும் கரண்டு உண்டு. அந்தமான்லேர்ந்து என் தம்பி கப்பல்ல வரணும்னு சொல்லிடுவோம்."

"உசுரோட இருக்கறவங்களுக்கு?"

"உசுரோட இருக்கறவன் எப்படியும் வேர்த்துக்குவான்னு நெனச்சிருப்பானுங்க."

நறுமுகைக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. இந்தச் சட்டத்துக்காக வாலிபத்தில் சாம்பல் லாரிகளுக்கு முன்னால் படுத்து மண்டையை உடைத்துக்கொண்டவர் லோகேஷ். ஊருக்குத் தெற்கே மூடிக்கிடக்கும் அனல் மின்நிலையத்தின் சாம்பல் ஒரு காலத்தில் இந்தத் தெருக் குடத்துத் தண்ணீரில் மிதந்தது. அவருடைய அம்மா இருமி இருமியே போனவள். இன்றைக்கும் மூட்டம் வந்தால் டீக்கடையில் யாராவது, நாலு நாளைக்கு மட்டும் அந்தக் கொதிகலனைப் பற்ற வைத்தால் என்ன என்பார்கள். லோகேஷ் சண்டைக்குப் போய்விடுவார். நாலு நாள் என்று ஆரம்பித்தால் நாற்பது வருஷம் எரிப்பான் என்பார். எதிர்வீட்டு கோகுலோடு இதற்காகவே பேச்சுவார்த்தை அறுந்து கிடந்தது.

"இவ்வளவு சட்டம் பேசுறவரு..." என்று இழுத்தாள்.

"அத எரிச்சா இந்தத் தெருவுல இருக்கற அத்தன புள்ளைங்களுக்கும் கேடும்மா. இது ஒரு பொட்டி கரண்டு. எனக்குன்னு எழுதி வெச்சது. நான் முன்கூட்டியே வாங்கிக்கறேன், அவ்வளவுதான்."

"அப்புறம் நீங்க உசுரோடதான் இருக்கீங்கன்னு எப்படிச் சொல்றது?"

"கேஸு போடுவோம். பத்து வருசம் ஓடும். அதுவரைக்கும் பேயா இருந்துட்டுப் போறேன். பேய்க்கு டீக்கடைல கடன் குடுக்க மாட்டான், அது ஒண்ணுதான் கஷ்டம்."

மூட்ட நாட்களில் சாவை உறுதி செய்ய டாக்டர்கள் வீட்டுக்கு வருவதில்லை. வார்டு நர்ஸ் போனில் பார்ப்பாள். லோகேஷ் மூக்கில் பஞ்சு வைத்து, தாடைக்குக் கட்டுப் போட்டு, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு மூச்சடக்கிப் படுத்தார். அன்றைக்கு எத்தனை பிணம் பார்த்தாளோ, நர்ஸ் கண்கள் சொருகிப்போய்த் தெரிந்தாள். பெரியவருக்கு ஒரு கண் சரியாக மூடவில்லை, மூடிவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாவைப் பதிந்த எண்ணைக் கொடுத்தாள். போன் அணைந்ததும் பிணம் எழுந்து உட்கார்ந்து தும்மியது. நறுமுகை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்த நாலு நாளில் அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

பெட்டி மத்தியானத்துக்கு முன் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர்களுக்கு அடுத்த தெருவிலும் சாவு இருந்ததால், பெட்டியைக் கூடத்தில் இறக்கி, மீட்டரில் எண்ணைப் பதித்துவிட்டு ஓடிவிட்டார்கள். மாமனாரும் மருமகளுமாகச் செழியனைத் தூக்கி உள்ளே கிடத்தினார்கள். குளிரைக் குறைத்து வைத்தாள். மூச்சுக்கு வேண்டுமே என்று தலைமாட்டில் மூடியின் ரப்பரைப் பிய்த்துவிட்டாள். முகத்துக்கு மெல்லிய துணி. புழுக்கத்தில் கண்ணாடி வெளிப்பக்கம் பனித்துப்போய், உள்ளே யார் என்றே தெரியவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று.

ஒரு மணி நேரத்தில் அவனுக்குப் பேச்சு தெளிந்தது. இது என்ன பெட்டி என்று கேட்டான். சொன்னாள். அப்படியானால் அப்பா எங்கே இருக்கப்போகிறார் என்று கேட்டான்.

அப்பா பின்னறையில் இருக்கப்போகிறார். தகரக் கூரை போட்ட சின்ன அறை அது. சன்னலைத் திறந்தால் சந்தில் போகிறவர்கள் பார்த்துவிடுவார்கள் என்பதால் தாழிட்டாயிற்று. செழியன்தான் உள்ளே முடியாமல் படுத்திருக்கிறான், யாரும் தொந்தரவு செய்யாதீர்கள் என்று வருகிறவர்களிடம் சொல்வதாக ஏற்பாடு. இருமினால்கூட மகன் இருமுவதாக நினைத்துக்கொள்வார்கள். ஒரு செம்புத் தண்ணீரும் பனைவிசிறியும் எடுத்துக்கொண்டார். வீட்டின் ஒற்றை மின்விசிறி கூடத்தில் ஓடியாக வேண்டும், இல்லாவிட்டால் வருகிறவர்கள் என்னவென்று கேட்பார்கள்.

"எத்தன பேரு வந்துடப் போறான்?" என்றார் கதவைச் சாத்துவதற்கு முன். "தெருவுல பாதிப் பேரோட எனக்குப் பேச்சே கெடையாது. மால போடுவானுங்க, போயிடுவானுங்க. அப்பப்ப வந்து ஒரு வாய் தண்ணி குடுத்துட்டுப் போ, போதும்."

அந்தக் கணக்குதான் தப்பிப்போயிற்று. மின்சாரத்தையும் நர்ஸையும் மீட்டரையும் யோசித்தவர்கள் மனுஷர்களை யோசிக்கவில்லை.

முதலில் பக்கத்து வீட்டு பவித்ரா அக்கா வந்தாள். அறுபதைத் தாண்டியவள், தெருவில் எந்தச் சாவென்றாலும் அவள்தான் முன்னால் நிற்பாள். வாசலிலிருந்தே குரலெடுத்து அழுதுகொண்டு வந்து நறுமுகையைக் கட்டிப்பிடித்துப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அதற்குப் பிறகு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. பேச்சில்லாதவர்கள் எல்லோரும் வந்தார்கள். வந்தவர்கள் மாலையைப் போட்டுவிட்டுப் போகவுமில்லை. மூட்டத்தில் யாருக்கும் வேலை இல்லை, வீட்டிலும் வெந்துகொண்டுதான் இருக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டார்கள். லோகேஷ் யார் வீட்டுக் கல்யாணத்தில் இலை எடுத்தார், எந்த வெள்ளத்தில் யார் குழந்தையைத் தூக்கி வந்தார் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர் இதையெல்லாம் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.

கோகுல் வந்து பெட்டியின் கால்மாட்டில் நின்றார். மாலையைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இவன் சொன்னது சரியோ தப்போ, எனக்குத் தெரியாது," என்றார் பொதுவாக. "ஆனா பொய் சொல்ல மாட்டான். அதுக்காகவே இவனோட சண்ட போடலாம்."

பின்னறைக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமுவது நறுமுகைக்குக் கேட்டது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்குப் புரியவில்லை. பாவி மனிதர், தன் எழவு வீட்டில் தானே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டாள்.

நேரம் ஏறியது. தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று எழுந்தாள். பவித்ரா அக்கா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். எழவு வீட்டில் அடுப்பு எரியாது, மருமகளுக்கு அடுக்களையில் என்ன வேலை என்று பக்கத்திலிருந்தவள் கேட்டாள். செழியனுக்குத் தண்ணீர் என்று சொன்னதும் ஒரு பெண் செம்போடு எழுந்துவிட்டாள். இன்னொருத்தி வெறும் தண்ணீர் எதற்கு, இந்தக் காபியைக் கொடுங்கள் என்று பிளாஸ்க்கை நீட்டினாள். கதவைத் திறந்தால் செத்தவர் உட்கார்ந்திருப்பார்.

"வேணாங்க்கா. இப்பதான் கண்ணசந்தாரு. தூங்கட்டும்," என்றாள் நறுமுகை.

"பாவம், தகப்பன் மொகத்தக்கூடப் பாக்க முடியாம கெடக்கறான்," என்றாள் பவித்ரா அக்கா. எல்லோரும் புதிதாக அழுதார்கள்.

நடுவில் ஒருமுறை பின்னறைக் கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. மின்விசிறிச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. நறுமுகை மறுபடி எழுந்தாள். அடுத்த நொடி இரண்டு பெண்கள் அவள் கூடவே எழுந்தார்கள், ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொண்டு. மாமனார் போன துக்கத்தில் மருமகள் விழுந்துவிடக்கூடாதே என்கிற நல்ல மனசு. அந்த நல்ல மனசை எப்படித் தட்டிவிடுவது? கொல்லைப்பக்கம் போகவேண்டும் என்று சொல்லிப் பார்த்தாள். கொல்லை வாசல் வரைக்கும் அவர்களும் வந்தார்கள், பின்னறைக் கதவைத் தாண்டித்தான் போனார்கள். அவள் கதவில் கையை ஒரு கணம் வைத்து எடுத்தாள். பலகை சுட்டது. இனி ஒரு சத்தம் வந்தால் என்ன ஆனாலும் ஆகட்டும், திறந்துவிடுவது என்று தீர்மானித்தாள். சத்தம் வரவில்லை. தூங்கிவிட்டார் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. அதற்காகத்தான் கூட்டம் கலைந்தது. குடத்தை வைத்துவிட்டு ஓடிவருகிறேன் என்று பவித்ரா அக்காவும் எழுந்தாள்.

நறுமுகை கதவைத் தள்ளினாள். கதவு பாதிதான் திறந்தது, பின்னால் கனமாக எதுவோ இடித்தது. இடுக்கு வழியாக நுழைந்தாள். லோகேஷ் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழற்றிச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்திருந்தார், இருமலோ முனகலோ வெளியே போகக்கூடாதென்று. செம்பு கவிழ்ந்து கிடந்தது. உடம்பு கொதித்தது, ஆனால் அது காய்ச்சலின் சூடு இல்லை, அறையின் சூடு. தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. ஒரு இழுப்பு இழுத்திருந்தால் கதவு திறந்திருக்கும். அவர் இழுக்கவில்லை. இழுத்தால் மகனைப் பெட்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

அவள் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் அலறிவிடுவோம் என்று பயந்தாள். அலறினால் குடத்தைப் போட்டுவிட்டுத் தெருவே ஓடிவரும். பகலெல்லாம் பொய்க்கு அழுதவளுக்கு, நிஜத்துக்கு அழ வழியில்லாமல் போயிற்று.

சட்டப்படி அந்தப் பெட்டி இப்போது அவருடையதுதான். பதிந்த எண் அவருடையது, பெயர் அவருடையது, இனி எந்த நர்ஸ் வந்து பார்த்தாலும் ஒரு குற்றம் சொல்ல முடியாது. செழியனை இறக்கிவிட்டு இவரைக் கிடத்தினால் எல்லாம் ஒழுங்காகிவிடும். செழியன் விடிவதற்குள் போய்விடுவான். இன்னொரு பெட்டி கேட்கவும் முடியாது, ஒரு ஆளுக்கு ஒரு சாவுதான் பதிய முடியும். செத்துப்போன தலைவர் ஒருவர் நாறக்கூடாது என்று ஊரே சேர்ந்து சட்டம் போட்டது. இந்த மனிதர் இந்தத் தகர அறையில் இனி என்ன ஆவார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் எழுந்தாள். அவரை மெல்ல நகர்த்திப் படுக்கவைத்துக் கண்களை மூடிவிட்டாள். தன் முகூர்த்தப் புடவையை எடுத்துப் போர்த்தினாள், அந்த வீட்டில் அதைவிட நல்ல துணி இல்லை. கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணியைத் திணித்தாள். கூடத்துக்கு வந்து சாம்பிராணி போட்டாள்.

பெட்டிக்குள்ளிருந்து செழியன் கூப்பிட்டான். அவள் மூடியைக் கொஞ்சம் தூக்கினாள். அவன் முகம் தெளிவாக இருந்தது. தீ பட்ட நாளிலிருந்து அப்படி ஒரு தெளிவை அவள் பார்த்ததில்லை.

"அப்பாவுக்குத் தண்ணி குடுத்தியா?"

"குடுத்தேன்."

"என்ன சொன்னாரு?"

"கோகுல் மாமா அழுதாருன்னு சிரிச்சாரு."

செழியனும் சிரித்தான். நாளைக்குக் காலையில் வெயில் வந்துவிட்டால் முதலில் அப்பாவை வெளியே கொண்டுவந்து கடற்காற்றில் உட்கார வைக்க வேண்டும் என்றான். சரி என்றாள். மூடியை இறக்கினாள்.

காலையில் வெயில் வரவில்லை. பண்ருட்டியிலிருந்து லோகேஷின் ஒன்றுவிட்ட அக்காவும் பெண்களும் வண்டி பிடித்து வந்து இறங்கினார்கள். சாம்பிராணிப் புகை கூடத்தில் கண்ணை மறைத்தது, ஏனிப்படிப் போட்டிருக்கிறாய் என்று யாரோ கேட்டார்கள். அந்தக் கிழவி கையால் கண்ணாடியைத் தடவி, தம்பி, தண்ணிகூடக் குடிக்காமப் போயிட்டியாடா என்று கேட்டாள். சாவு வீட்டில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். நறுமுகைக்குள் எதுவோ அறுந்தது.

அவள் அழுதாள். நேற்றுப் போலில்லை. வயிற்றிலிருந்து வந்தது, நிறுத்த முடியவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு, மாமா, நான் வந்திருக்கணும் மாமா, கதவத் தொறந்திருக்கணும் மாமா என்று கத்தினாள். பிடிக்க வந்தவர்களை உதறினாள். பவித்ரா அக்கா மற்றவர்களைத் தடுத்தாள்.

"வுடுங்க. அழட்டும். நேத்து அழுதும் உள்ளுக்குள்ள கல்லாட்டம் இருந்தா. இப்பதான் அவளுக்குச் சாவு உறைக்குது."

நறுமுகைக்கு அப்போதுதான், கண்ணாடிக்கு அடியில் ஒரு ஜோடிக் காதுகள் இருப்பது நினைவு வந்தது. குனிந்து பார்த்தாள். கிழவி தடவிய இடத்தில் பனி விலகியிருந்தது. செழியனின் முகத்துணி கண்களுக்கு நேரே இரண்டு இடத்தில் நனைந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிதாகிக்கொண்டிருந்தது. உதடுகள் இருந்த இடத்தில் துணி உள்ளே இழுபட்டு அப்படியே நின்றது. அவன் துணியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அவள் கண்ணாடிமேல் குப்புற விழுந்து இரண்டு கைகளாலும் பெட்டியை அணைத்துக்கொண்டாள். யாருக்கும் உள்ளே தெரியாதபடி தலைமயிரை விரித்து மறைத்தாள். அவளுக்கு அடியில் அவன் அசையாமல், அப்பாவுக்காகத் தெரு அழுததை எல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்தான்.